வீட்டுக்கொரு தாளம்

போட்லெசி கிராமம்,
1782 பிப்ரவரி.

அன்பு மகள் யூதிதாவுக்கும், மாப்பிள்ளை எலியாஷுக்கும், நான் இன்னும் மடியில் வைத்துப் பார்க்காத பேத்தி எஸ்தருக்கும் அப்பா தோபியாஷ் எழுதும் கடிதம். உங்கள் மூவருக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். நாங்கள் இருவரும் இங்கே நலம்.

நலம் என்று எழுதியதும் நிமிர்ந்து உன் அம்மாவைப் பார்த்தேன். இருமலைப் பற்றி எழுதக்கூடாதாம், நீ பயந்துவிடுவாயாம். ஆகவே இருமலைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

இது நான் உனக்கு நேராக எழுதும் முதல் கடிதம். இத்தனை காலமும் நூல் வியாபாரி கையில் கொடுத்துவிட்ட கடிதங்களில் ஆளிநார் விளைச்சல், ஆட்டு வியாதி என்று எழுதி, அதற்குள் வேறு சேதி வைத்தேன். ஒருமுறை நிஜமாகவே ஆட்டுக்கு வியாதி வந்தபோது, நம் வீட்டில் ஒளித்துவைத்த வேதப்புத்தகத்தைத் தேடிச் சோதனை நடந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் அங்கே எல்லைக்கு அப்பால் சிட்டாவில் உபவாசம் இருந்தீர்களாம். ஆடு பிழைத்துக்கொண்டது. உங்கள் ஜெபத்துக்கு நன்றி.

இனி அந்தத் தொல்லை இல்லை. சக்கரவர்த்தி ஆணை போட்டிருக்கிறார். சீர்திருத்த வேதக்காரர்கள் வெளியே வந்து பெயர் கொடுக்கலாம், கூடி ஜெபிக்கலாம், பிரம்படி கிடையாது, சிறை கிடையாது. நூறு குடும்பம் சேர்ந்தால் ஜெபவீடு கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருவைப் பார்த்து வாசல் கூடாது. அதாவது மாட்டுக்கொட்டகை போல இருக்கலாம். நமக்கு அது கஷ்டமில்லை. என் தாத்தா காலத்திலிருந்து மாட்டுக்கொட்டகையில்தானே ஜெபித்து வருகிறோம்.

பிரபுவின் அலுவலகத்தில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள். இது பொறி என்றாள் உன் அம்மா. பொறிதான், ஆனால் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டுப் போனேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். எலியாகப் பிறந்திருந்தால் முதல் நாளே செத்திருப்பேன்.

அங்கே வரிசையில் எனக்கு முன்னால் யார் நின்றது தெரியுமா? மாவாலைக்காரன் ப்ரோகோப். நம் எதிர்வீட்டு ப்ரோகோப்பேதான். இவன் காதில் நம் வேதம் விழுந்துவிடக்கூடாது என்றுதானே சின்ன வயதில் உன் வாயைப் பொத்திப் பொத்தி வளர்த்தோம். இருபது வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அவன் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து மீன் முள்ளைத் துப்பியிருக்கிறேன், என்னை வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத நல்ல கத்தோலிக்கன் என்று அவன் நம்ப வேண்டும் என்பதற்காக. அவனும் எதிரே உட்கார்ந்து துப்பினான். இருவரும் பனியில் நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"யோவ் தோபியாஷ், எனக்கு மீனே ஆகாதுய்யா."

வரிசை முழுக்க இதே கதை. கொல்லன் நின்றான், களத்துமேட்டு உழவர்கள் நின்றார்கள். ஊரில் பாதிப்பேர் மற்றப் பாதிக்குப் பயந்து பூசைக்குப் போயிருக்கிறோம். அந்த மற்றப் பாதியிலும் பாதிப்பேர் நம்மவர்கள். நம் வீட்டில் தறி ஓடினால்தான் பாட்டு. நாடா போய் வரும் சத்தத்துக்குள் வேதத்துச் சங்கீதப் பாட்டை ஒளித்துவைத்துப் பாடுவோம். இது நான் கண்டுபிடித்த யுக்தி என்று இத்தனை நாள் கர்வமாக இருந்தேன். ப்ரோகோப் வீட்டில் ஆலைச் சக்கரத்தின் இரைச்சலில் பாடினார்களாம். கொல்லன் சம்மட்டிச் சத்தத்தில். உழவர்கள் தானியம் அடிக்கும் தடியின் சத்தத்தில். போட்லெசியில் நான் ஒருவன்தான் புத்திசாலி என்ற நினைப்பு அன்றைக்குப் போயிற்று.

உள்ளே போனதும் குமாஸ்தா, ஆக்ஸ்பர்க் சபையா, ஹெல்வெதிய சபையா என்று கேட்டார். நான் முழித்தேன். ப்ரோகோப் முந்திக்கொண்டு, ஆட்டுக்குட்டியானவரின் விசுவாசம் என்று சொன்னான். அப்படி ஒன்று ஆணையில் இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லு, இரண்டும் இல்லை என்பவர்களுக்குப் பக்கத்து வட்டாரத்தில் பிரம்படி விழுந்திருக்கிறது என்றார் குமாஸ்தா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் ஐயா என்று நான் கேட்டேன். அவர் கத்தோலிக்கர், ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். ஆக்ஸ்பர்க்காரர்களுக்குப் பீடம் உண்டு, மெழுகுவர்த்தி உண்டு, சிலுவைச் சுரூபம் உண்டு. ஹெல்வெதியருக்கு ஒன்றுமே கிடையாது. ஒன்றுமே கிடையாது என்றால் அது நாங்கள்தான் என்று சொல்லிப் பெயரைக் கொடுத்தேன். இப்படித்தான், மகளே, உன் அப்பா ஹெல்வெதிய சபையில் சேர்ந்தது. மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டுத் தாடையைத் தடவுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

திரும்பி வரும்போது பங்குச் சாமியார் இக்னாஸ் கோயில் வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் சிறுத்துப்போயிற்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ நற்கருணைப் பவனியில விதானத்தோட நாலாவது கம்பை இனிமே யாருப்பா பிடிக்கிறது?" வருஷாவருஷம் அவர் நற்கருணை அப்பத்தை ஏந்தித் தெருவில் வரும்போது தலைக்கு மேல் பிடிக்கும் துணிப்பந்தலில் என் மூலை அது. நடிப்புக்காகப் பிடித்த கம்புதான். ஆனால் நடிப்பு என்று கை அறியாது போலிருக்கிறது. அன்றைக்கெல்லாம் தோள் லேசாக இருந்தது, அது நன்றாகவும் இல்லை.

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. வேதத்துக்காக எல்லை தாண்டிப் போனவர்கள் திரும்பி வரலாம் என்று இன்னொரு ஆணையும் வந்திருக்கிறது. தண்டனை இல்லை, வீட்டையும் திருப்பித் தருவார்கள். ஆனால் அவர்கள் பெயரைப் பதிய, அனுமதி பெற்ற சபை ஒன்று அந்த ஊரில் இருக்க வேண்டும். செப்டம்பர் கடைசி வரைதான் கெடு. நம் ஊரையும் சுற்றியுள்ள குக்கிராமங்களையும் சேர்த்தால் நூறு குடும்பத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஹங்கேரியிலிருந்து போதகர் ஒருவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். அவர் வந்து, வட்டார அதிகாரி ஒருமுறை ஆராதனையைப் பார்த்து, சரி என்று எழுதிவிட்டால், நீங்கள் வரலாம்.

முழங்கால் மடக்கிப் பூசை கண்டவர்கள் எல்லாம் வெதுவெதுப்பான விசுவாசிகள் என்று மாப்பிள்ளை சென்ற முறை எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் வெதுவெதுப்பான வீட்டில் குழந்தைகள் நன்றாகத் தூங்கும் என்று மட்டும் அவரிடம் சொல்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

உன் அப்பா,
தோபியாஷ்


போட்லெசி,
1782 மே மாதத் தொடக்கம்.

அன்பு மகள் யூதிதாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு வந்தனம். எஸ்தருக்கு முத்தம், இங்கிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும், நீ ஒருமுறை சூடாகக் கொடுத்துவிடு.

அம்மா நலம். தறியில் இப்போது நான் மட்டும்தான் உட்காருகிறேன், அவள் வெயில் வரும் ஜன்னலோரம் இருந்துகொண்டு நூல் சுற்றுகிறாள். சமையலும் எனக்குக் கைவந்துவிட்டது. போன ஞாயிறு கசகசா ரொட்டி சுட்டேன். ப்ரோகோப்பின் நாய் தின்றது.

போதகர் வந்து சேர்ந்தார். பெயர் சலாய். பெரிய மீசை, முழங்கால் வரை பூட்ஸ்; முதல் நாள் அவரைப் பார்த்து, ஆள் பிடிக்கும் பட்டாளத்துக்காரர் என்று நினைத்து உழவர் வீட்டு வாலிபர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நம் மொழியை எல்லைப் பக்கத்துச் சந்தைகளில் கற்றிருக்கிறார். கடவுளைப் பற்றிச் சுமாராகப் பேசுகிறார், குதிரையைப் பற்றி அருமையாகப் பேசுகிறார். நல்ல மனிதர். நம்மை ஒன்றுமே தெரியாதவர்கள் என்று நினைக்கிறார். அதுவும் சரிதான்.

முதல் ஆராதனை ப்ரோகோப்பின் களஞ்சியத்தில் நடந்தது. வட்டார அதிகாரி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சட்டப்படி பங்குச் சாமியார் இக்னாஸும் உடன் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தார். உன் அம்மா உள்ளே வந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, வெளியே காவலுக்கு யார் நிற்கிறார்கள் என்று கேட்டாள். இனிமேல் காவல் வேண்டாம் என்று விளக்கினேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். எழுந்துபோய் வாசலில் பாதையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். "காவல் இல்லாம எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது, நீங்க போங்க" என்றாள். யாரைப் பார்த்துக் காவல்? பயப்பட வேண்டிய அதிகாரியே உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு போதகர் காலைச் சங்கீதத்தைப் பாடச் சொன்னார். எல்லா வீட்டுக்கும் மனப்பாடமான சங்கீதம். எல்லாரும் வாயைத் திறந்தோம். யூதிதா, நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகக் கிசுகிசுத்து நீ கேட்டிருக்கமாட்டாய். வைக்கோலில் காற்றுப் போவது போல இருந்தது. சத்தமாகப் பாடுங்கள் என்றார் போதகர். யாருக்கும் எவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்தோம். இன்னும் சத்தமாக என்று பூட்ஸ் காலால் தரையை உதைத்தார். சரி என்று தொண்டையைத் திறந்தோம். அப்போதுதான் வந்தது வினை.

நான் நம் தறித் தாளத்தில் பாடினேன். நெசவாளிக் குடும்பங்கள் எல்லாம் என்னோடு வந்தன, டக் டக் என்று, நாடா போல. ப்ரோகோப்பின் ஜனங்கள் ஆலைச் சக்கரம் சுற்றுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். கொல்லன் ஓங்கி ஓர் அடி, நிறுத்தம், மறுபடி ஓர் அடி. உழவர்கள் மூன்று தடி மாறி மாறி விழும் கணக்கில் இன்னொரு பக்கம் ஓடினார்கள். நாங்கள் ஆமென் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது ப்ரோகோப் வீட்டார் இரண்டாம் சரணத்தில் நின்றார்கள். சாமியார் இக்னாஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா, வருத்தப்பட்டாரா, தெரியவில்லை. பயத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை.

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து போதகரிடம், இது ஒரு சபையா, நாலு சபையா என்று கேட்டார். சக்கரவர்த்தி அனுமதித்தது இரண்டே கொள்கை. ஒரே பாட்டை நாலு விதமாகப் பாடுகிறவர்கள் நாலு விதமாக நம்புகிறவர்களாகத்தான் இருப்பார்கள், இவர்கள் ஏதோ புதுக் கூட்டம் என்று தோன்றுகிறது என்றாராம். போதகர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கியிருக்கிறார். நற்கருணைப் பெருவிழா முடிந்த பின் அதிகாரி மறுபடி வருவார். அப்போதும் இப்படியே இருந்தால், அனுமதிக்கு உட்படாத ஜனங்கள் என்று எழுதிவிடுவார். சபை இருக்காது. சபை இல்லையென்றால் உங்கள் பெயரைப் பதிய இடம் இருக்காது. இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளாகவே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் களஞ்சியத்தில் பயிற்சி. போதகர் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து வைத்துக் கம்பால் தட்டுகிறார். பீப்பாய் ஒரு பக்கம் போகிறது, நாங்கள் நாலு பக்கம் போகிறோம். மனசு ஒத்துக்கொண்டாலும் உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது. சங்கீதத்தின் முதல் சொல் வந்ததுமே என் கால் தறி மிதியைத் தேடுகிறது. இது எப்படி என்று எனக்கே வியப்பாக இருக்கிறது. மற்ற பாட்டெல்லாம் தொண்டையில் இருக்க, இது மட்டும் காலில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பிறகு யார் தாளம் சரி என்ற சண்டை. தாத்தாக்கள் எல்லாம் சாட்சிக்கு வந்தார்கள். தறிக்காரன் பாடுவது நாய் துரத்துகிற மாதிரி இருக்கிறது, கேட்கிற கடவுளுக்கு மூச்சு வாங்கும் என்றான் ப்ரோகோப். உன் பாட்டு முடிவதற்குள் ஆண்டவரின் இரண்டாம் வருகையே வந்துவிடும் என்றேன் நான். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு, இந்த ஓட்டத்துக்குப் பேர் ஹெல்வெதியம் என்றால் என் குடும்பத்தோடு ஆக்ஸ்பர்க்குக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டான். அவன் போனால் நூறு குடும்பம் தேறாது. நான் பின்னாலேயே ஓடி, உன் தாளமே பரலோகத் தாளம் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். வந்ததும், அப்படியானால் நீ ஏன் பாடக்கூடாது என்று பிடித்துக்கொண்டான். பாடிப் பார்த்தேன். தூங்கிவிட்டேன்.

இருபது வருஷம் ஒருவனுக்கொருவன் பயந்துகொண்டு எதிரெதிரே நிம்மதியாக இருந்தோம். ஒரே வேதம் என்று தெரிந்த பிறகுதான் சண்டை.

நம்பிக்கை விடாதே. ஆனால் அங்கே வீட்டுக்காரருக்கு இப்போதே காலி செய்கிறோம் என்று சொல்லிவிடாதே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் சிறகின் கீழ் வைப்பாராக. எங்கள் காதுகளையும் கொஞ்சம் கவனிப்பாராக.

அப்பா,
தோபியாஷ்


போட்லெசி,
1782 ஜூன்.

என் அருமை மகளே யூதிதா, மாப்பிள்ளை எலியாஷ், கண்ணு எஸ்தர், உங்களுக்கு ஆண்டவரின் சமாதானம் உண்டாவதாக.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது.

நற்கருணைப் பெருவிழா அன்று வேலை செய்யக்கூடாது என்பதால் காலையிலேயே களஞ்சியத்தில் கூடிவிட்டோம். தெருவில் கத்தோலிக்கரின் பவனி போகும், நாம் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலகம் என்று புகார் போகும் என்று போதகர் எச்சரித்துவிட்டு, உடைந்த வண்டிச்சக்கரம் ஒன்றைப் பார்க்கக் கொல்லைப்புறம் போனார். நாங்கள் தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பாதிப்பேர் ப்ரோகோப் பக்கம், பாதிப்பேர் என் பக்கம், கொல்லன் யார் பக்கமும் இல்லாமல் இருவரையும் திட்டினான்.

வெளியே பவனி வரும் சத்தம் கேட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். முன்னால் கொடி, பூத்தூவும் சிறுமிகள், பிறகு விதானம். நாலாவது கம்பைத் தையல்காரர் பிடித்திருந்தார். குள்ளமான மனிதர். அந்த மூலை தொங்கிப்போய்ச் சாமியார் இக்னாஸின் காதில் ஜரிகை உரசிக்கொண்டு வந்தது. கையை இன்னும் ஒரு சாண் மேலே பிடி என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அப்போது பவனிப் பாட்டு தொடங்கியது. உனக்குத் தெரியும் அந்தப் பாட்டு. உன்னையும் வெள்ளைக் கவுன் போட்டு அதைப் பாடவைத்தோம். முதல் அடி தெருவிலிருந்து வந்தது. இரண்டாம் அடி களஞ்சியத்துக்குள்ளிருந்து வந்தது. யார் ஆரம்பித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம். நெசவாளிகள், மாவாலைக்காரர்கள், கொல்லன், உழவர்கள், எல்லாரும் ஒரே குரலாக, ஒரே மூச்சாக, கூரையில் இருந்த புறாக்கள் பறக்கும்படி பாடினோம். ஒரு சொல் முன்னே இல்லை, ஒரு சொல் பின்னே இல்லை. பவனி கடந்து போயிற்று. நாங்கள் வாயை மூடினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிப்போய் எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

யோசித்துப் பார் யூதிதா. நம் சங்கீதத்தை நாம் வீட்டுக்குள், ஆளுக்கொரு மூலையில் பாடினோம். சேர்ந்து பாடியது ஒரே ஒரு இடத்தில்தான். எங்கே நடித்தோமோ அங்கே. முப்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று, வாய் திறந்து, பயமில்லாமல் பாடிய பாட்டு அது ஒன்றுதான். இதற்கு என்ன அர்த்தம் என்று நானும் தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க யோசிக்கிறேன். பிடிபடவில்லை. படித்தவர் மாப்பிள்ளை, அவருக்குப் பிடிபட்டால் எழுதட்டும்.

சத்தம் கேட்டுப் போதகர் ஓடிவந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. இத்தனை நாள் இந்த மெட்டை ஏன் ஒளித்துவைத்தீர்கள், சங்கீதத்தின் சொற்களை இதிலேயே போட்டுப் பாடுங்கள் என்றார். இது எங்கிருந்து வந்த மெட்டு என்று கேட்டார். பழைய பாட்டு ஐயா, இந்த ஊர்ப் பாட்டு என்றேன் நான். அது பொய் இல்லை. ப்ரோகோப் என் விலாவில் இடித்தான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். தலையணையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். நியாயமா, அநியாயமா, நீயே சொல் என்றேன். "சொல்லு நம்ம சொல்லு, மூச்சு நம்ம மூச்சு. மெட்டுக்கு ஞானஸ்நானமா குடுக்கப் போறாங்க? பாடுங்க. புள்ள வீடு வந்து சேரட்டும்" என்றாள். நீண்ட பேச்சு. அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் பேசவில்லை.

அதிகாரி வந்தார். சாமியார் இக்னாஸும் வந்து அதே ஓரத்தில் உட்கார்ந்தார். போதகர் ஜெபம் செய்துவிட்டுப் பீப்பாயை ஒரு தட்டுத் தட்டினார். காலைச் சங்கீதத்தின் சொற்களைப் பவனிப் பாட்டின் மெட்டில் பாடத் தொடங்கினோம். ஓரிடத்தில் சொல் போதாமல் கொஞ்சம் இழுக்க வேண்டும், இன்னோரிடத்தில் இரண்டு சொல்லை விழுங்க வேண்டும். ஆனால் ஒன்றாக இழுத்தோம், ஒன்றாக விழுங்கினோம்.

இரண்டாம் அடியில் சாமியார் இக்னாஸ் தலையைத் தூக்கினார்.

அதிகாரி நகரத்துக்காரர், இந்த மலைப்பக்கத்துப் பாட்டு அவருக்குத் தெரியாது. சாமியாருக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நற்கருணையைக் கேலி செய்கிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சபை போவது இருக்கட்டும், நாங்கள் எல்லாரும் விலங்கோடு போவோம். மகளே, பாதிப் பாட்டில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் இன்னும் சந்தேகம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினேன். நான் பாடிய நேரமெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுளை நினைக்கவில்லை, அவர் மன்னிக்கட்டும்.

கடைசி அடி முடிந்தது. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் முடிந்தது. அதிகாரி சாமியார் பக்கம் திரும்பி, நீங்கள் இந்த ஜனங்களை நெடுநாளாக அறிந்தவர், இவர்கள் ஒரே சபைதானா, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

சாமியார் கைக்குட்டையை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

"இவங்க ஒண்ணாத்தான் பாடுவாங்க ஐயா. இத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டே வந்தவன் நான்."

அதிகாரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். மணல் தூவி மை உலர்த்தினார். போட்லெசியில் ஹெல்வெதிய சபை ஒன்று சட்டப்படி இருக்கிறது. ப்ரோகோப் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இருந்தாலும் கொஞ்சம் வேகம்தான் என்றான்.

வெளியே சாமியார் இக்னாஸ் எனக்காகக் காத்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "ரெண்டாவது அடியில நீ இன்னமும் பின்தங்குற தோபியாஷ். அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான்" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு, உன் அம்மா மக்தலேனாவைப் பார்க்க வரட்டுமா, கடைசி நேர எண்ணெய்ப் பூசுதலுக்காக இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக என்று கேட்டார். வாருங்கள், அவள் உங்களோடு வாதம் செய்வாள் என்றேன். நேற்று வந்தார். அவள் வாதம் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி, அவர் கொண்டுவந்த தேனில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

இதோ, அதிகாரியின் உத்தரவை நகல் எடுத்து இதோடு அனுப்புகிறேன். எல்லைச் சாவடியில் காட்டினால் விட்டுவிடுவார்கள். ஆணைப்படி செப்டம்பர் கடைசி வரை நாள் இருக்கிறது. உன் அம்மாவும் அதைத்தான் எழுதச் சொல்கிறாள்: தோட்டத்தில் போட்டதை அறுத்துவிட்டு, பண்டபாத்திரங்களை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு அலைச்சல் இல்லாமல் நிதானமாக வரட்டும், எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்வது. தோட்டத்தை அப்படியே விட்டுவிடு. பாத்திரம் எதுவும் வேண்டாம், இங்கே இருக்கிறது. மெட்டு எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளைக்கு இப்போது தெரிந்துவிட்டது. எங்களைக் குறித்து அவர் வெட்கப்படுவார், படட்டும். அதை அங்கே தூரத்தில் இருந்து படாமல், இங்கே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படச் சொல். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். மலைப்பாதை காய்ந்திருக்கிறது என்று நூல் வியாபாரி சொல்கிறார்.

ஆண்டவர் உங்கள் கால்களுக்குப் பலம் தருவாராக. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் அன்றைக்கே தருவாராக.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
தோபியாஷ்